பெட்டியில் எழுதிய எச்டிஆரும் கண்ணுக்குத் தெரியும் எச்டிஆரும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மானிட்டரையும் எச்டிஆரையும் பற்றியே. பளிச்சென்ற வெளிச்சத்தையும் ஆழ்ந்த கறுப்பையும் ஒரே படத்தில் காட்டும் முறைக்குத்தான் எச்டிஆர் (ஹை டைனமிக் ரேஞ்ச்) என்று பெயர். ஆண்டிறுதித் தள்ளுபடிகள் தொடங்குவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்பதால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு வண்ணம் திருத்துவது என் வேலை. நாளெல்லாம் மங்கலான அறையில் உட்கார்ந்து, கறுப்பு கறுப்பாகத் தெரிகிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்துகள் உண்டு. அவற்றை மறைக்காமலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் தேசிய சேவையை முடித்துவிட்டான். கேம்ஸ் விளையாட மானிட்டர் வாங்க 900 சிங்கப்பூர் வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறான். ஓலெட்தான் வேண்டுமாம். நான் போய்ப் பார்த்த கடையில் 27 அங்குல மானிட்டர், எச்டிஆர் என்று எழுதி ஒட்டியதே, 350 வெள்ளிக்குக் கிடைக்கிறது. இரண்டும் எச்டிஆர் என்றால் விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? பல்கலைக்கழகப் பாடங்களுக்கு அவனிடம் மடிக்கணினி தனியாக இருக்கிறது.
– வாசகி, ஈசூன்

பதில்: சகோதரி, நல்ல கேள்வி. முதலில் அந்த ஒட்டுத்தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "எச்டிஆர் 10 சப்போர்ட்" என்று மட்டும் போட்டிருந்தால், எச்டிஆர் சிக்னல் வந்தால் அந்த மானிட்டர் வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்குப் பொருள். வாங்கியதைச் சரியாகக் காட்டுமா என்பதற்கு அந்த வாசகம் எந்த உத்தரவாதமும் தரவில்லை.

தீபாவளி சமயத்தில் சிராங்கூன் சாலை விளக்கலங்காரத்தை இரவில் பார்த்திருப்பீர்கள். மேலே கரிய வானம், நடுவே சின்னச் சின்ன பல்புகள். அந்தக் காட்சியைத் திரையில் கொண்டுவர வேண்டும் என்றால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும், அதே நொடியில் அதற்கு ஒட்டினாற்போல் இருக்கும் வானம் கறுப்பாகவும் இருக்க வேண்டும். எச்டிஆரின் உயிர் அதில்தான் இருக்கிறது. விலை குறைந்த மானிட்டரில் திரை முழுவதற்கும் பின்னால் ஒரே விளக்கு. ஐபிஎஸ் என்ற வகைத் திரைப் பேனலின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், பொதுவாக 1000-க்கு 1. திரை வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் அளப்போம்; பல்பை 400 நிட்ஸுக்கு ஏற்றினால் வானம் 0.4 நிட்ஸில் நிற்கும். இரவில் விளக்கணைத்த அறையில் 0.4 நிட்ஸ் என்பது சாம்பல் நிறம், கறுப்பே கிடையாது. விஏ என்ற இன்னொரு வகைப் பேனலில் 3000-க்கு 1 வரை வரும், அதாவது 0.13 நிட்ஸ். பரவாயில்லை ரகம். ஆனால் இருட்டான காட்சிகளில் உருவங்கள் வேகமாக நகரும்போது பின்னால் மை இழுத்ததுபோல் தடம் தெரியும். ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். டிஸ்ப்ளேஎச்டிஆர் ட்ரூ பிளாக் என்று ஓலெட் திரைகளுக்குக் கொடுக்கும் சான்றிதழில் கறுப்பின் மேல்வரம்பே 0.0005 நிட்ஸ்தான். நீங்கள் கேட்ட விலை வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

சான்றிதழ் விஷயத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், கடைக்காரரிடம் பேச உதவும். திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வேசா என்ற அமைப்பு 2017 டிசம்பரில் டிஸ்ப்ளேஎச்டிஆர் என்று தர வரிசை கொண்டுவந்தது. அதன் அடிப்படியான 400-க்கு அப்போது வைத்த விதிகள் மிகத் தளர்ச்சியானவை. 400 நிட்ஸ் உச்ச வெளிச்சம் வந்தால் போதும், பின்விளக்கைப் பகுதி பகுதியாக அடக்கும் வசதி தேவையே இல்லை. 2024-இல் விதிகளை இறுக்கினார்கள் என்றாலும் பழைய சான்றிதழோடு வந்த மானிட்டர்களும் இருக்கின்றன. ஆகவே வெறும் 400 என்ற எண்ணுக்காக ஒரு வெள்ளிகூட அதிகம் கொடுக்காதீர்கள். அதே 400-க்கு முன்னால் "ட்ரூ பிளாக்" என்று இருந்தால் அது முற்றிலும் வேறு சரக்கு. விற்பவர்கள் இரண்டையும் கலந்து பேசுவார்கள், நீங்கள் குழம்பக் கூடாது.

இரண்டுக்கும் நடுவில் மினி எல்இடி இருக்கிறது. பின்விளக்கை நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து, தேவையான இடத்தில் மட்டும் ஏற்றி இறக்குவார்கள். வெளிச்சத்தில் ஓலெட்டை எளிதாக மிஞ்சும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2560-க்கு 1440 திரையில் ஏறக்குறைய 37 லட்சம் புள்ளிகள். பகுதிகள் 1152 என்றால் ஒவ்வொரு விளக்குப் பகுதியும் 3,200 புள்ளிகளுக்குப் பொறுப்பு. அதற்குள் ஒரே ஒரு நட்சத்திரம் மின்னினாலும் அந்தப் பகுதி முழுவதும் லேசாக வெளுக்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை வசன வரிகள் ஓடும்போது சுற்றிலும் புகைபோல் ஒளிவட்டம் தெரிவது இதனால்தான்.

உங்கள் மகன் விஷயத்தில் என் முடிவு, அவன் கேட்கும் ஓலெட்டே சரி. படிப்புக்கு மடிக்கணினி தனியாக இருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். நாள் முழுக்க அசையாத எழுத்துகளும் கீழே ஒரே டாஸ்க்பாரும் நின்றால் ஓலெட்டில் காலப்போக்கில் அதன் தடம் பதிந்துவிடும். பர்ன்-இன் என்பார்கள். போதாததற்கு, 27 அங்குலம் 1440 அளவில் வரும் கியூடி-ஓலெட் என்ற வகை ஓலெட் பேனல்களில் எழுத்தின் ஓரங்களில் பச்சையும் இளஞ்சிவப்பும் மெல்லியதாகத் தெரியும். நிரல் எழுதுகிறவர்களுக்கு அது உறுத்தும். விளையாடுகிறவன் கண்ணில் படாது.

900 வெள்ளிக்குள் 27 அங்குலம், 1440, ஓலெட் என்று தேடச் சொல்லுங்கள். 4கே வேண்டாம். 4கே திரையில் 83 லட்சம் புள்ளிகள், அதாவது 1440-ஐப் போல 2.25 மடங்கு. அத்தனையையும் வேகமாக வரைய அவன் கிராஃபிக்ஸ் கார்டையும் மாற்ற வேண்டி வரலாம். ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற எண், பற்றி அவன் நிறையப் பேசுவான். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், 144-இல் 6.9, 240-இல் 4.2. 60-லிருந்து 144-க்குப் போவது யாருக்கும் தெரியும். அதற்கு மேலே கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே போகும். எண்ணைத் துரத்திக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக நம் ஊர்ப் பழக்கம் ஒன்று. இரவில் படுக்கப் போகும்போது சுவரில் இருக்கும் சுவிட்சையே அணைத்துவிடுகிறோம். ஓலெட் மானிட்டருக்கு அப்படிச் செய்யாதீர்கள். சில மணி நேரம் ஓடியபின், திரை ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் அது தன் புள்ளிகளைச் சரிபார்த்துச் சமன் செய்துகொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்தால் அந்த வேலை நடக்காது. மகன் மானிட்டர் பொத்தானை அணைத்துவிட்டுப் போகட்டும், சுவர் சுவிட்ச் எரியட்டும். உத்தரவாதத்தில் பர்ன்-இன் சேர்ந்திருக்கிறதா என்பதையும் எழுத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். 3 ஆண்டுகளுக்கு அதையும் சேர்த்துக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

கேள்வி: அக்கா, நான் போன வருடமே டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 மானிட்டர் வாங்கிவிட்டேன். விண்டோஸில் எச்டிஆரை ஆன் செய்தால் எல்லாம் வெளிறிப் போய், சாயம் போன சட்டை மாதிரி இருக்கிறது. மானிட்டர் கெட்டுப்போய்விட்டதா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கெடவில்லை தம்பி. எச்டிஆரை ஆன் செய்ததும் எஸ்டிஆர் எனப்படும் சாதாரணப் படங்களையும் விண்டோஸ் எச்டிஆர் கணக்கில் மாற்றித்தான் அனுப்புகிறது. அப்படி மாற்றும்போது நிழல் பகுதிகளைக் கொஞ்சம் தூக்கிவிடும். உங்கள் மானிட்டரில் கறுப்பு ஏற்கெனவே சாம்பல். இரண்டும் சேர்ந்தால் நீங்கள் சொன்ன சட்டைதான்.

செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, எச்டிஆர் என்று உள்ளே போங்கள். எஸ்டிஆர் கன்டென்ட் பிரைட்னஸ் என்று ஒரு நகர்த்தி இருக்கும். டெஸ்க்டாப் கண்ணுக்கு இதமாகத் தெரியும்வரை அதை நகர்த்துங்கள். அப்புறம் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து விண்டோஸ் எச்டிஆர் கேலிபரேஷன் என்ற செயலியை இறக்கி ஓட்டுங்கள். கட்டங்கள் மறையும் இடத்தில் நிறுத்தச் சொல்லும். அதை அவசரப்படாமல் செய்யுங்கள், அறை விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். உங்கள் திரை எவ்வளவு வெளிச்சம் தரும் என்பது கேம்களுக்கு அதன் மூலம் தெரியவரும். தெரியாவிட்டால் திரையால் எட்ட முடியாத வெளிச்சத்தை கேம் அனுப்பும், மேகத்தின் விவரமெல்லாம் வெள்ளைத் திட்டாகிவிடும்.

இவ்வளவு செய்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் எச்டிஆரை அணைத்தே வைத்திருங்கள். அதில் எந்த நஷ்டமும் இல்லை. பின்விளக்கை அடக்க முடியாத திரையில் நல்ல எஸ்டிஆர் படம் அரைகுறை எச்டிஆரைவிட எவ்வளவோ மேல். விண்டோஸ் விசை, ஆல்ட், பி (B) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு நொடியில் ஆன், ஆஃப் மாற்றலாம். ஒரே காட்சியை இரண்டு விதமாகவும் பார்த்து உங்கள் கண்ணையே கேளுங்கள்.

கேள்வி: 4கே, 160 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்று பார்த்து வாங்கினேன். பிளேஸ்டேஷன் 5-ஐ மாட்டினால் 4கே-யில் 60-க்கு மேல் போக மாட்டேன் என்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: அந்த 160 ஹெர்ட்ஸ் பெரும்பாலும் கணினியை மாட்டும் டிஸ்ப்ளேபோர்ட் என்ற துளை வழியாக வருவது. பிளேஸ்டேஷனில் எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கிறது. உங்கள் மானிட்டரின் எச்டிஎம்ஐ துளை 2.0 ரகமாக இருந்தால் நொடிக்கு 18 கிகாபிட்தான் தாங்கும், 4கே-யில் 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 4கே-யில் 120 வேண்டும் என்றால் 2.1 தேவை. அதன் உச்சம் 48 கிகாபிட். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2.1-இன் வசதிகள் எல்லாம் கட்டாயம் அல்ல என்பதால், பெட்டியில் 2.1 என்று போட்டுவிட்டு உள்ளே பழைய வேகத்தையே வைக்க முடிகிறது. வாங்கும்போது "எச்டிஎம்ஐயில் 4கே 120 வருமா" என்று இப்படியே, நேராகக் கேளுங்கள்.

முதலில் மானிட்டரின் மெனுவில் எச்டிஎம்ஐ 2.0, 2.1 என்று மாற்றும் இடம் இருக்கிறதா பாருங்கள். சிலவற்றில் 2.0-இலேயே வைத்து அனுப்புகிறார்கள். பிளேஸ்டேஷனோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள், வேறு வாங்குவதாக இருந்தால் அல்ட்ரா ஹை ஸ்பீட் முத்திரை இருக்க வேண்டும். துளையே 2.0 என்றால் 1440-க்கு இறக்கி 120 ஹெர்ட்ஸ் வையுங்கள். 2022 செப்டம்பரிலிருந்து பிளேஸ்டேஷன் 5 அதை ஏற்கிறது. 27 அங்குலத்தில் உட்கார்ந்து விளையாடும்போது அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. ஆனால் படம் கிழியாமல் காக்கும் விஆர்ஆர் 2.1 இல்லாமல் இந்தக் கருவியில் கிடைக்காது, அதை மறந்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: எங்கள் வீடு மேற்குப் பார்த்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி. மாலை 3 மணியிலிருந்து வெயில் அறைக்குள் வந்துவிடும். மாலையில் விளையாடுவதும் படம் பார்ப்பதும் அந்த அறையில்தான். ஓலெட் வாங்கலாமா?
– வாசகி, செங்காங்

பதில்: அறையைப் பற்றிக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மானிட்டரைப் பற்றி மாதக் கணக்கில் படிப்பவர்கள்கூட அதை வைக்கப் போகும் அறையை நினைத்துப் பார்ப்பதில்லை.

சாதாரணப் படத்தில் வெளிச்சம் போதவில்லை என்றால் கூட்டிக்கொள்ளலாம். எச்டிஆரில் அப்படி இல்லை. பிகியூ என்ற முறையில், இந்தப் புள்ளி 100 நிட்ஸ், அந்தப் புள்ளி 900 நிட்ஸ் என்று வெளிச்சத்தின் அளவே படத்துக்குள் எழுதப்பட்டிருக்கும். அதனால் எச்டிஆர் ஆன் ஆனதும் பல மானிட்டர்களில் பிரைட்னஸ் பொத்தான் பூட்டிக்கொள்ளும். இந்தப் படங்களுக்கு நாங்கள் வண்ணம் திருத்தும் அறையில் திரையைச் சுற்றியுள்ள வெளிச்சம் 5 நிட்ஸ். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ வகுத்த பிடி.2100 பரிந்துரை சொல்லும் அளவும் அதுதான். அப்படிப்பட்ட அறையில் பார்த்துப் பார்த்துத் திருத்திய நிழலை மேற்கு வெயிலுக்கு நடுவில் வைத்தால் என்ன தெரியும்? இருட்டுக் குகை கறுத்த சுவராகிவிடும், அதற்குள் ஒளிந்திருக்கும் எதிரியும் தெரியமாட்டான்.

ஓலெட்டிலும் இரண்டு வகை உண்டு. கியூடி-ஓலெட்டில் வெளி ஒளியை விழுங்கும் போலரைசர் படலம் இல்லை. வெயில் பட்டால் கறுப்பு லேசான ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். எல்லா விளக்கும் எரியும் கடையில் அது வெளிப்படையாகத் தெரிகிறது என்பதால் சிலர் நல்ல திரையைப் பழுது என்று நினைத்து ஒதுக்குவதும் உண்டு. டபிள்யூ-ஓலெட்டில் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். மேட் பூச்சு இருந்தால் ஜன்னலின் பிம்பம் கூர்மையாக விழாது, ஆனால் படத்தின் மேல் மெல்லிய மணல் தூவியதுபோல் இருக்கும். எந்த ஓலெட்டாக இருந்தாலும் திரை முழுக்க வெள்ளையானால் மொத்த வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சின்ன இடத்தில் 1000 நிட்ஸ் காட்டுவது முழுத் திரையில் 250 அளவுக்கு இறங்கிவிடும். பகல் வெயிலில் பனிமலைக் காட்சி மங்கலாகத் தெரிவது அதனால்தான்.

உங்களுக்கு மினி எல்இடி. விளையாடும் நேரம் மாலை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதற்கேற்ற வெளிச்சம் அதில்தான் கிடைக்கும். எதை வாங்கினாலும் மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பிப் போடுங்கள். எதிரே ஜன்னல் இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரை கூசும். வெயில் புகாத கனமான திரைச்சீலை போடுங்கள். மானிட்டருக்கு அந்தச் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள் என்பேன். இரவில் விளையாடினால் திரைக்குப் பின்னால் சுவரில் படும்படி 6500 கெல்வின் வெள்ளை விளக்கு ஒன்றை மங்கலாக வையுங்கள். கண்ணுக்கு அத்தனை நிம்மதி.

கேள்வி: எனக்கு வயது 68. கேம்ஸ் தெரியாது. பழைய தமிழ்ப் படங்களைக் கணினியில் பார்ப்பதே என் பொழுதுபோக்கு. எச்டிஆர் மானிட்டர் வாங்கினால் அந்தப் படங்கள் இன்னும் நன்றாகத் தெரியுமா?
– வாசகர், தோ பாயோ

பதில்: ஐயா, எச்டிஆருக்காக நீங்கள் பணம் செலவழிக்க வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் பழைய படங்கள் பெரும்பாலும் எஸ்டிஆர். அதில் வெள்ளைக்கு 100 நிட்ஸ் என்ற கணக்கில்தான் ஸ்டூடியோவில் திருத்துவோம். கோப்பில் இல்லாத வெளிச்சத்தை மானிட்டரால் கொண்டுவர முடியாது.

ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தின் அழகே அதன் கறுப்பில்தானே இருக்கிறது. விஏ பேனல் போட்ட 27 அங்குல மானிட்டர் வாங்குங்கள், விலையும் குறைவு. பிரைட்னஸை இரவில் நன்றாக இறக்கி வையுங்கள். முக்கியமாக, 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் திரையாகப் பாருங்கள். திரைப்படம் நொடிக்கு 24 படங்கள் ஓடுவது. 60 ஹெர்ட்ஸில் அது சமமாகப் பங்காகாது, ஒரு படம் மூன்று முறை, அடுத்த படம் இரண்டு முறை என்று மாறி மாறி நிற்கும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும்போது சின்னத் தடுக்கல் தெரியும். 120-இல் ஒவ்வொரு படமும் சரியாக ஐந்து முறை, 144-இல் ஆறு முறை. கதாநாயகி ஊஞ்சலில் ஆடும் காட்சியைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கேள்வி: புது மானிட்டரில் கறுப்புப் புள்ளி ஒன்று தெரிகிறது. விற்றவர் "ஒரு புள்ளி எல்லாம் சகஜம்" என்கிறார். என்ன செய்வது?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: எத்தனை புள்ளிகள்வரை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் தங்கள் உத்தரவாதத்தில் எழுதி வைத்திருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். சில மாடல்களில் ஒரு பிரகாசப் புள்ளி இருந்தாலே மாற்றித் தருவார்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத் திரைப் படங்களைப் போட்டு, ஒவ்வொன்றிலும் புள்ளி எப்படித் தெரிகிறது என்று கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஓலெட் என்றால் இருட்டறையில் அடர்சாம்பல் படத்தையும் போட்டுப் பாருங்கள், கோடுகளும் திட்டுகளும் அதில்தான் வெளிப்படும்.

குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும், எல்லாரும் லெமன் லா என்று சொல்லும் விதிகள் 2012 செப்டம்பரிலிருந்து இங்கே நடப்பில் உள்ளன. பொருளை ஒப்படைத்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஒப்படைக்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. ஒரே ஒரு புள்ளி குறையாகக் கணக்கில் வருமா என்பது விளம்பரத்திலும் உத்தரவாதத்திலும் என்ன சொல்லியிருந்தார்கள் என்பதைப் பொறுத்தது, அதனால் அந்தப் பக்கங்களையும் சேமித்து வையுங்கள். பேசிப் பார்த்தும் நடக்கவில்லை என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், அப்புறம் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். இணையத்தில் வாங்கும்போது விற்பவர் உள்ளூர்க்காரரா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் இந்த வழிகளால் பெரிய பயன் இருக்காது.

மாற்று மானிட்டர் வீட்டுக்கு வரும்வரை பெட்டியையும் உள்ளே இருந்த நுரைக் கட்டைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவை இல்லாமல் திருப்பி அனுப்பினால், வழியில் திரை உடைந்தது யாரால் என்ற புது வழக்கு ஆரம்பித்துவிடும்.